பத்தாண்டுப் பயிர்: மான்செஸ்டர் குழு மீண்டெழுந்த வரலாறு

காற்பந்துப் பருவம் ஒன்று முடிந்து அடுத்த பருவம் தொடங்கும்வரை உள்ள இடைவேளையில், ஆட்டத்தை விரும்பும் மக்கள் எந்நாட்டவராயினும் தமக்குள் கேட்டுக்கொள்ளும் வினா ஒன்றுண்டு. "நம் குழு சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு தேறியிருக்கிறதா?" என்பதே அவ்வினா. நிலைபெற்ற ஒரு குழுவைக் குறித்து இதற்கு விடை கூறுவது எளிது. வந்தவர் யார், சென்றவர் யார் என்று கணக்கிட்டால் பெரும்பாலும் போதும். ஆயின், சிதைந்துபோய் மீண்டும் கட்டப்பட்டு வரும் ஒரு குழுவைக் குறித்து விடை கூறுவது மிக அரிது. அத்தகைய குழு வெல்லும்போது அது வளர்ந்துவிட்டது என்றும், தோற்கும்போது தேய்ந்துவிட்டது என்றும் கருதுவது மக்கள் இயல்பு. இவ்விரு கருத்துகளுமே பிழைபடக்கூடும் என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் குழு 1958ஆம் ஆண்டு முதல் 1968ஆம் ஆண்டு வரை கடந்துவந்த பாதையே அச்சான்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அக்குழுவின் பெயரை அறியாத மாணவர் அரியர். அதன் வெற்றிகளை அறிந்தோர் பலர். அவ்வெற்றிகளுக்கு முன்னே அது கிடந்த தாழ்வை அறிந்தோர் சிலரே. அப்பத்தாண்டில் அக்குழு ஒருமுறை உயர்ந்ததுபோல் தோன்றியது. உண்மையில் அது உயர்வன்று. ஒருமுறை வீழ்ந்ததுபோல் தோன்றியது. உண்மையில் அது வீழ்ச்சியன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் விதைத்த பயிர்

இரண்டாம் உலகப்போர் முடிவுற்ற 1945ஆம் ஆண்டில் மேட் பஸ்பி என்னும் ஸ்காட்லாந்துக்காரர் மான்செஸ்டர் யுனைடெட்டின் மேலாளராகப் பொறுப்பேற்றார். சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்த அவர், தந்தையை முதல் உலகப்போரில் இழந்தவர். இளமையில் தாமும் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர். அவர் பொறுப்பேற்றபோது குழுவுக்குச் சொந்தமான ஓல்டு டிராஃபர்டு திடல் 1941இல் விழுந்த குண்டுகளால் பாழாகிக் கிடந்தது. 1949 வரை அக்குழு அண்டைக் குழுவான மான்செஸ்டர் சிட்டியின் திடலை இரவல் பெற்றே ஆடியது.

அந்நிலையிலும் பஸ்பி 1948இல் எஃப்.ஏ. கிண்ணத்தையும் 1952இல் லீக் வாகையர் பட்டத்தையும் பெற்றுத் தந்தார். பட்டம் பெற்றபோதே அவ்வாட்டக்காரர்களுக்கு வயது ஏறிவிட்டதை அவர் கண்டுகொண்டார். வென்ற குழுவை அப்படியே வைத்துக்கொள்ளும் ஆசைக்கு அவர் இடங்கொடுக்கவில்லை. பள்ளியை விட்டு வெளிவரும் பதினைந்து, பதினாறு வயதுச் சிறுவர்களை நாடெங்கும் தேடிக் கொணர்ந்து, துணை மேலாளர் ஜிம்மி மர்ஃபி, பயிற்றுநர் பெர்ட் வாலி ஆகியோரின் கையில் ஒப்படைத்தார். இளையோர்க்கான எஃப்.ஏ. கிண்ணம் 1952-53ஆம் பருவத்தில் தொடங்கப்பெற்றபோது, முதல் ஐந்து ஆண்டுகளும் அதனை மான்செஸ்டர் யுனைடெட்டே வென்றது. அச்சிறுவர்களே வளர்ந்து 1956இலும் 1957இலும் முதற்பிரிவு லீக் பட்டத்தை அடுத்தடுத்துப் பெற்றனர். 1956இல் பட்டம் வென்ற குழுவின் சராசரி வயது ஏறத்தாழ இருபத்திரண்டே. 'பஸ்பியின் குழந்தைகள்' என்று மக்கள் அவர்களை அன்புடன் அழைத்தனர்.

இங்கே ஒரு கணக்கை நினைவில் இருத்திக்கொள்வது பின்னர்ப் பயன்படும். அந்நாளில் முதற்பிரிவில் 22 குழுக்கள் இருந்தன. ஒவ்வொரு குழுவும் 42 ஆட்டங்கள் ஆடும். வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி. கடைசி இரண்டு இடங்களைப் பெறும் குழுக்கள் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்படும். 1956-57ஆம் பருவத்தில் வாகை சூடிய மான்செஸ்டர் யுனைடெட் 103 கோல்கள் அடித்தது. 54 கோல்களை மட்டுமே விட்டுக்கொடுத்தது.

மியூனிக்கில் நேர்ந்த இழப்பு

1958ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள், ஐரோப்பியக் கிண்ணக் காலிறுதியின் இரண்டாம் ஆட்டத்தைப் பெல்கிரேடு நகரில் 3–3 என்ற சமநிலையில் முடித்து, இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் வெற்றி பெற்ற குழு தாயகம் திரும்பிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை லீக் ஆட்டத்திற்குள் ஊர் சேர வேண்டியிருந்ததால் தனி விமானம் அமர்த்தப்பட்டிருந்தது. எரிபொருள் நிரப்ப மியூனிக்கில் இறங்கிய அவ்விமானம், பிப்ரவரி 6ஆம் நாள், பனிச்சேறு படிந்த ஓடுபாதையில் இருமுறை முயன்று, மூன்றாம் முறையும் மேலெழ இயலாமல் பாதையைத் தாண்டி மோதி நொறுங்கியது. அதில் இருந்த 44 பேரில் 23 பேர் உயிரிழந்தனர்.

ஜெஃப் பென்ட், ராஜர் பைர்ன், எடி கோல்மன், டங்கன் எட்வர்ட்ஸ், மார்க் ஜோன்ஸ், டேவிட் பெக், டாமி டெய்லர், பில்லி வீலன் ஆகிய எட்டு ஆட்டக்காரர்கள் மாண்டனர். இவர்களுள் எட்வர்ட்ஸ் பதினைந்து நாள் மருத்துவமனையில் போராடி, பிப்ரவரி 21ஆம் நாள் தம் 21ஆம் வயதில் இறந்தார். ஜாக்கி பிளாஞ்சுஃபிளவர், ஜானி பெர்ரி ஆகிய இருவர் பிழைத்தும் மீண்டும் ஆட இயலாதவர் ஆயினர். இளையோரைப் பழக்கிய பெர்ட் வாலியும், உடற்பயிற்சியாளர் டாம் கரியும், செயலாளர் வால்டர் கிரிக்மரும் அவ்விபத்திலேயே உயிர் நீத்தனர். ஆகவே, மாணவரோடு ஆசிரியரும் மடிந்த கொடுமை அது. பஸ்பியோ, சமயகுரு வந்து இறுதிச் சடங்கு செய்யும் அளவுக்கு உயிர் ஊசலாடிய நிலையில் கிடந்தார்.

வேல்ஸ் நாட்டுக் குழுவுக்கும் பொறுப்பாளராக இருந்த ஜிம்மி மர்ஃபி, அக்குழுவின் ஆட்டத்திற்காகக் கார்டிஃப் நகரில் தங்கியதால் அப்பயணத்தில் சேரவில்லை. அந்த ஒன்றே மான்செஸ்டருக்கு எஞ்சிய நற்பேறு. விபத்து நிகழ்ந்த பதின்மூன்றாம் நாள், பிப்ரவரி 19 அன்று, ஷெஃபீல்டு வெட்னஸ்டே குழுவை எஃப்.ஏ. கிண்ண ஆட்டத்தில் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. ஆட்டக்காரர் பெயர்கள் இன்னும் முடிவாகாமையால், அன்றைய நிகழ்ச்சி ஏட்டில் மான்செஸ்டர் குழுவினரின் பெயர்களுக்கு உரிய இடங்கள் வெறுமையாகவே அச்சிடப்பட்டன. அவசரமாகப் பெறப்பட்ட இரு வெளியாட்டக்காரர்களையும், இரண்டாங்குழுச் சிறுவர்களையும், விபத்தில் பிழைத்த ஹாரி கிரெக், பில் ஃபோல்க்ஸ் ஆகியோரையும் கொண்டு மர்ஃபி ஒரு குழுவை நிறுத்தினார். ஏறத்தாழ 60,000 பேர் கண்ணீரோடு பார்த்திருக்க, அக்குழு 3–0 என வென்றது. இரு கோல்களை அடித்தவர் ஷே பிரென்னன் என்னும் இளைஞர்.

அவ்வாண்டு அவர்கள் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டம் வரை சென்று, போல்டன் குழுவிடம் 0–2 எனத் தோற்றனர். ஆயினும் அதே காலத்தில் லீக்கில் விபத்துக்குப்பின் ஒரே ஓர் ஆட்டத்தில்தான் வென்றனர் என்பதையும் மறக்கலாகாது. உணர்ச்சி ஒரு மாலைப்பொழுதை வென்று தரும். ஒரு பருவத்தை வென்று தராது. குழு ஒன்பதாம் இடத்தில் நின்றது.

உயர்வுபோல் தோன்றியது

1958 ஆகஸ்டில் புதிய பருவம் தொடங்கியபோது பஸ்பி மீண்டும் பொறுப்பில் இருந்தார். "இக்குழு தேறியிருக்கிறதா?" என்று நாடே கேட்டது. முதல் ஆட்டத்தில் செல்சி குழுவை 5–2 என வென்றது மான்செஸ்டர். அவற்றில் மூன்று கோல்கள் இருபது வயதுப் பாபி சார்ல்டன் அடித்தவை. செப்டம்பரில் ஷெஃபீல்டு வெட்னஸ்டேயிலிருந்து ஆல்பர்ட் குவிக்சால் 45,000 பவுனுக்கு வாங்கப்பட்டார். அக்காலப் பிரிட்டனில் அதுவே மிகப்பெரிய தொகை. பருவ முடிவில் மான்செஸ்டர் யுனைடெட் 55 புள்ளிகளோடு, வுல்வர்ஹாம்ப்டனுக்கு அடுத்தபடியாக இரண்டாம் இடத்தைப் பெற்றது. எட்டு ஆட்டக்காரர்களைப் புதைத்த பதினைந்து திங்களில் இரண்டாம் இடம்! இதனை வியக்காதார் இல்லை. மறுகட்டுமானம் முடிந்துவிட்டது என்றே பலரும் முடிவு செய்தனர்.

கணக்கைக் கூர்ந்து நோக்கினால் வேறோர் உண்மை புலப்படும். அப்பருவத்திலும் மான்செஸ்டர் அடித்த கோல்கள் 103. 1957இல் வாகை சூடியபோது அடித்ததும் அதே 103. ஆனால் அன்று விட்டுக்கொடுத்தவை 54. இன்று விட்டுக்கொடுத்தவை 66. அடுத்த பருவத்தில், அதாவது 1959-60இல், அடித்தவை 102, விட்டுக்கொடுத்தவை 80. முன்வாயில் அணி செய்யப்பட்டிருந்தது, பின்சுவர் சரிந்துகொண்டிருந்தது.

அதனினும் முக்கியமான கேள்வி, அந்த 103 கோல்களை அடித்தவர் யாவர் என்பது. சார்ல்டன் 29, டென்னிஸ் வயலட் 21, ஆல்பர்ட் ஸ்கான்லன் 16. இம்மூவர் மட்டும் அடித்தவை 66. இம்மூவரும் மியூனிக் விமானத்தில் இருந்து பிழைத்தவர்கள். மூவரும் விபத்துக்கு முன்னரே வாலியும் மர்ஃபியும் பழக்கி வளர்த்தவர்கள். ஆகவே, 1958-59ஆம் பருவத்தின் சிறப்பு புதிதாகக் கட்டியதன் பயன் அன்று. பழைய விதைப்பின் எஞ்சிய அறுவடை. புயலுக்குப்பின் வயலில் சாயாமல் நின்ற கதிர்களை அறுத்துக் களம் நிறைந்ததாக மகிழ்ந்த நிலை அது. அடுத்த போகத்துக்கான நாற்று இன்னும் நடப்படவில்லை.

அப்பருவத்திலேயே இதற்கான அறிகுறி ஒன்றும் தோன்றியது. 1959 ஜனவரியில், மூன்றாம் பிரிவில் ஆடிய நாரிச் சிட்டி குழு எஃப்.ஏ. கிண்ண ஆட்டத்தில் மான்செஸ்டரை 3–0 எனத் தோற்கடித்தது. அதனை ஒரு நாள் நிகழ்ந்த தற்செயல் என்று பலர் ஒதுக்கிவிட்டனர்.

வீழ்ச்சிபோல் தோன்றியது

பின்வந்த ஆண்டுகளில் பட்டியல் இரக்கமின்றி இறங்கியது. 1960இல் ஏழாம் இடம். 1961இலும் ஏழாம் இடம். 1962இல் பதினைந்தாம் இடம். 1963இல் பத்தொன்பதாம் இடம். விபத்தில் பிழைத்தவருள் ஸ்கான்லன் 1960இல் விற்கப்பட்டார். 1959-60இல் லீக்கில் 32 கோல்கள் அடித்துக் குழுவின் சாதனையை நிறுவிய வயலட்டும் 1962 தொடக்கத்தில் வெளியேறினார். இளம் ஆட்டக்காரர் வில்ஃப் மெக்கின்னஸ் 1959 இறுதியில் கால் முறிந்து ஆட்டத்தைத் துறக்க நேர்ந்தது.

இக்காலத்தில் பஸ்பி இரு வழிகளில் செயலாற்றினார். ஒரு வழி, தகுதியானவரைப் பணம் கொடுத்துப் பெறுவது. 1960இல் மாரிஸ் செட்டர்ஸ், நோயல் காண்ட்வெல். 1961இல் டேவிட் ஹெர்டு. 1962இல் இத்தாலியின் தூரின் நகரிலிருந்து 115,000 பவுனுக்கு டெனிஸ் லா. 1963 பிப்ரவரியில் கிளாஸ்கோ செல்டிக்கிலிருந்து பேட் கிரெராண்டு எனப் பலர் வந்தனர். மற்றொரு வழி, சிறுவர்களைத் தேடி வளர்க்கும் பழைய பள்ளியை மீண்டும் நிறுவுவது. மான்செஸ்டரில் பிறந்த நாபி ஸ்டைல்ஸ் 1960இல் முதற்குழுவில் இடம்பெற்றார். அயர்லாந்தின் டோனி டன் அவ்வாண்டே வந்தார். பெல்ஃபாஸ்ட் நகரிலிருந்து மெலிந்த உடல்கொண்ட ஜார்ஜ் பெஸ்ட் என்னும் சிறுவன் 1961இல் வந்து, வீட்டு நினைவு வாட்ட, இரண்டே நாளில் ஊர் திரும்பிவிட்டான். அவனை மீண்டும் அழைத்துவர முயன்று வென்றனர்.

முதல் வழி கண்ணுக்குத் தெரிவது, செய்தித்தாளில் வருவது. இரண்டாம் வழி எவர் கண்ணுக்கும் தெரியாதது. லீக் பட்டியலில் இரண்டாம் வழிக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது.

1962-63ஆம் பருவம் மிகக் கடுமையானது. அவ்வாண்டு இங்கிலாந்தை உறையவைத்த பனிக்காலத்தால் ஏறத்தாழ இரண்டு திங்கள் மான்செஸ்டர் லீக் ஆட்டமே ஆடவில்லை. லா 23 லீக் கோல்கள் அடித்தும் குழு 81 கோல்களை விட்டுக்கொடுத்தது. பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்த ஆட்டக்காரர்கள் ஒருவர் மனத்தை ஒருவர் அறியாமல் ஆடினர். மே 15ஆம் நாள் அண்டைக் குழுவான மான்செஸ்டர் சிட்டியுடன் ஆடிய ஆட்டத்தில் தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்கும் அச்சம் சூழ்ந்திருந்தது. பின்தங்கியிருந்த யுனைடெட், குவிக்சால் அடித்த பெனால்டி கோலால் 1–1 எனத் தப்பியது. முடிவில் சிட்டியே இறங்கியது. யுனைடெட் 34 புள்ளிகளோடு பத்தொன்பதாம் இடத்தில் மூச்சுவிட்டது.

விபத்து நிகழ்ந்து ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தன, பெருந்தொகை செலவிடப்பட்டிருந்தது. பட்டியலை மட்டும் நம்பும் ஒருவர், "பஸ்பியின் காலம் முடிந்தது" என்று தீர்ப்பளிக்க எல்லாக் காரணமும் இருந்தது. 1959இல் அவரைப் புகழ்ந்த அதே அளவுகோல் 1963இல் அவரை விலக்கச் சொல்லியிருக்கும். குழு நிர்வாகம் அவ்வாறு செய்யவில்லை.

பத்து நாள் சென்று, மே 25 அன்று, வெம்பிளி திடலில் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டம் நடந்தது. எதிர்நின்ற லெஸ்டர் சிட்டி லீக்கில் நான்காம் இடம் பெற்ற குழு. வெற்றி லெஸ்டருக்கே என்று எண்ணினோர் பலர். ஆனால் கிரெராண்டு பந்தைப் பங்கிட்டுத் தர, லா ஒன்றும் ஹெர்டு இரண்டுமாகக் கோலடிக்க, மான்செஸ்டர் 3–1 என வென்றது. விபத்துக்குப்பின் அது பெற்ற முதற்கிண்ணம் இதுவே. தனித்தனியே வந்த வீரர்கள் அன்றுதான் ஒரு குழுவாக ஆடினர்.

விளைச்சல்

1963 செப்டம்பரில், பதினேழு வயது நிரம்பிய பெஸ்ட் முதற்குழுவில் முதன்முறை ஆடினார். அவ்வாண்டு டிசம்பர் 26 அன்று பர்ன்லி குழுவிடம் 1–6 எனத் தோற்றபோது, பஸ்பி வெளியில் ஆள் தேடி ஓடவில்லை. இளையோர் அணியிலிருந்து பெஸ்டையும், அவரினும் இளையவரான வில்லி ஆண்டர்சனையும் அழைத்து இரு ஓரங்களிலும் நிறுத்தினார். இரண்டே நாளில் அதே பர்ன்லியை 5–1 என வென்றது மான்செஸ்டர். 1964இல் குழு லீக்கில் இரண்டாம் இடத்தை எய்தியது. அதே ஆண்டு, 1957க்குப்பின் முதன்முறையாக, இளையோர்க்கான கிண்ணத்தையும் வென்றது.

1959இலும் இரண்டாம் இடம். 1964இலும் இரண்டாம் இடம். எண் ஒன்றே, பொருள் வேறு. முன்னது எஞ்சியவர்களின் உழைப்பு. பின்னது வளர்ந்து வருபவர்களின் தொடக்கம். முன்னதற்குப்பின் சரிவு வந்தது; பின்னதற்குப்பின், 1964-65இல், லீக் பட்டம் வந்தது. அப்பருவத்தில் மான்செஸ்டர் அடித்த கோல்கள் 89. இது 1959இல் அடித்ததைவிடப் பதினான்கு குறைவு. விட்டுக்கொடுத்தவையோ 39 மட்டுமே. லீட்ஸ் குழுவும் அதே 61 புள்ளிகளைப் பெற்றதால், கோல் விகிதமே வாகையரை முடிவு செய்தது. தடுத்து நிறுத்திய ஒவ்வொரு கோலும் அன்று விலை பெற்றது.

1967இல் மீண்டும் லீக் பட்டம். 1968 மே 29 அன்று, வெம்பிளியில், போர்த்துக்கல் நாட்டுப் பென்ஃபிக்கா குழுவைக் கூடுதல் நேரத்தில் 4–1 என வென்று, மான்செஸ்டர் யுனைடெட் ஐரோப்பியக் கிண்ணத்தைப் பெற்றது. அக்கிண்ணத்தை அதற்குமுன் எந்த இங்கிலாந்துக் குழுவும் பெற்றதில்லை. 115,000 பவுனுக்கு வந்த லா அன்று முழங்கால் நோயால் ஆடவில்லை. திடலில் நின்ற பதினொருவருள் பிரென்னன், ஃபோல்க்ஸ், ஸ்டைல்ஸ், பெஸ்ட், சார்ல்டன், ஆஸ்டன், கிட் ஆகிய எழுவர் குழுவே வளர்த்த பிள்ளைகள். பிரையன் கிட்டுக்கு அன்று பத்தொன்பதாம் பிறந்தநாள். அவரும் ஒரு கோலடித்தார். மியூனிக்கிலிருந்து பிழைத்து வந்து அன்று ஆடியவர் ஃபோல்க்சும் சார்ல்டனும். விபத்துக்குப் பதின்மூன்றாம் நாள் வெறுமையான பெயர்ப்பட்டியலிலிருந்து எழுந்து இரு கோலடித்த பிரென்னனும் அப்பதினொருவருள் ஒருவராக நின்றார்.

தூரின் கண்ட துயரம்

ஒப்புநோக்கின்றி வரலாறு தெளிவுபெறாது. 1949 மே 4ஆம் நாள், இத்தாலியின் தொரினோ குழு பயணம் செய்த விமானம் தூரின் நகரை அடுத்த சுப்பர்கா குன்றில் மோதி, 31 பேர் இறந்தனர். அடுத்தடுத்து வாகை சூடி, இத்தாலியின் தேசியக் குழுவுக்கே முதுகெலும்பாக விளங்கிய பதினெட்டு ஆட்டக்காரர்கள் ஒரே நொடியில் மறைந்தனர், பயிற்றுநர்களும் மறைந்தனர். எஞ்சிய ஆட்டங்களைத் தொரினோவின் இளையோர் அணி ஆடியது. எதிர்த்த குழுக்களும் மரியாதை கருதித் தத்தம் இளையோரையே நிறுத்தின. அவ்வாண்டுப் பட்டம் தொரினோவுக்கே கிட்டியது. ஆயின், பத்தாண்டு கழிந்து, 1959இல், அக்குழு இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அடுத்த பட்டத்தை 1976இல்தான் கண்டது.

தொரினோ முயலவில்லை என்று கூறுதல் தகாது. அங்கே ஏறத்தாழ முதற்குழு முழுவதும் அழிந்தது; வழிகாட்டும் ஆசானும் இல்லாது போயினர். மான்செஸ்டரில் சார்ல்டனும் கிரெக்கும் ஃபோல்க்சும் எஞ்சினர். எல்லாவற்றுக்கும் மேலாக மர்ஃபி எஞ்சினார். பின்னர்ப் பஸ்பியும் திரும்பினார். மறுகட்டுமானத்திற்குப் பணத்தினும் முதன்மையானது வளர்க்கத் தெரிந்தவர் ஒருவரேனும் எஞ்சியிருத்தல் என்பது இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்க்குப் புலப்படும்.

மறந்ததும் மீண்டதும்

மான்செஸ்டர் யுனைடெட்டே பின்னாளில் இப்பாடத்தை மறந்தது. 1964க்குப்பின் இளையோர் கிண்ணம் நெடுங்காலம் அதன் கைக்கு வரவில்லை. 1968இல் வென்றவர்களுக்கு வயது ஏறியபோது, அவர்களின் இடத்தை நிரப்பப் போதிய இளைஞர் இல்லை. 1969இல் பஸ்பி ஒதுங்கியபின், அவர் இடத்திற்கு வந்த மேலாளர்கள் ஓரிரு ஆண்டுகளிலேயே மாற்றப்பட்டனர். ஐரோப்பாவை வென்ற ஆறாம் ஆண்டில், 1974இல், அக்குழு இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. ஓராண்டில் மீண்டுவந்த போதிலும், 1967இல் பெற்ற லீக் பட்டத்தை மறுபடியும் பெற 1993 வரை, இருபத்தாறு ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது.

அக்காத்திருப்பு முடிந்த விதமும் கருதத்தக்கது. 1986 நவம்பரில் பொறுப்பேற்ற அலெக்ஸ் ஃபெர்குசன், 1989-90ஆம் பருவத்தில் குழுவைப் பதின்மூன்றாம் இடத்தில்தான் நிறுத்தினார். அவரை விலக்க வேண்டும் என்ற குரல் திடலிலேயே ஒலித்தது. அதே 1990இல் அவர் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றார். 1992இல், இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப்பின், இளையோர் கிண்ணம் மான்செஸ்டருக்குத் திரும்பியது. மறுஆண்டே லீக் பட்டமும் திரும்பியது. 1963இல் பஸ்பிக்கு நேர்ந்தது ஏறத்தாழ அதே வடிவில் மீண்டும் நேர்ந்தது எனலாம்.

வினாவுக்கு விடை

ஆகவே, கட்டப்பட்டு வரும் ஒரு குழு தேறியிருக்கிறதா என்று வினவுவோர், சென்ற பருவத்தின் இடத்தை மட்டும் பார்த்தல் போதாது. அடித்த கோலோடு விட்டுக்கொடுத்த கோலையும் எண்ண வேண்டும். அடித்தவர் பழையவரா, புதியவரா என்று பகுத்துப் பார்க்க வேண்டும். இன்று ஆடுபவர் அகன்றால் நாளை ஆடுபவர் யார் என்று இரண்டாங்குழுவின் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் ஒருவரையொருவர் அறியும் காலம் பெற்றனரா என்றும் ஆராய வேண்டும். வள்ளுவப் பெருந்தகை 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்தார். ஆளை ஆராய்ந்து தேர்வது ஒரு செயல். தேர்ந்தபின் அவரிடம் வினையை நம்பி ஒப்படைப்பது மற்றொரு செயல். முதலதைச் செய்து இரண்டாமதைச் செய்யாத குழுக்கள் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கட்டத் தொடங்கி, ஒருபோதும் கட்டி முடிப்பதில்லை.

பள்ளிக்கூடங்களும் இதற்கு விலக்கல்ல. ஆறாம் ஆண்டில் சிறந்த மாணவர் சிலர் தேர்வெழுதி நற்பெயர் ஈட்டித் தரும் ஆண்டில், முதலாம் ஆண்டு வகுப்பில் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகள் நிறைந்திருக்கக்கூடும். தேர்ச்சி விழுக்காடு தாழ்ந்த ஆண்டிலேயே, கீழ்வகுப்பொன்றில் ஆசிரியர் ஒருவர் அருமையாக நாற்று நட்டுக்கொண்டிருக்கவும் கூடும். விழுக்காடு நேற்றைய உழைப்பின் கணக்கு. நாளைய விளைச்சலைக் கீழ்வகுப்பில்தான் காண இயலும்.

1959 மே திங்களில், பட்டியலின் இரண்டாம் இடத்தில் நின்ற மான்செஸ்டர் யுனைடெட் தேறியிருந்ததா என்றால், இல்லை என்பதே விடை. அது இழந்தவை போக எஞ்சியதைக் கொண்டு நின்றது. 1963 மே திங்களில், பத்தொன்பதாம் இடத்தில் தத்தளித்த அதே குழு தேறியிருந்ததா என்றால், ஆம் என்பதே விடை. லாவும் கிரெராண்டும் ஹெர்டும் சார்ல்டனும் ஸ்டைல்சும் அப்போது ஒரே கூரையின்கீழ் இருந்தனர். பதினேழாம் வயதை எட்டியிருந்த பெஸ்ட் இளையோர் அணியில் பந்தை உதைத்துப் பழகிக்கொண்டிருந்தார். அதனை அன்று கண்டவர் மிகச் சிலர். அச்சிலருள் பஸ்பியும் மர்ஃபியும் இருந்தனர் என்பதே அக்குழுவின் நற்பேறு.